ஐந்தாவது காரணம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

தேர்த் திருநாளன்று வடம் பிடித்து இழுக்கும் ஆயிரக்கணக்கான கைகளை எல்லோரும் காண்கிறோம். சக்கரத்தின் அருகே குனிந்த வண்ணம் நடந்துவரும் நாலைந்து பேரைக் கவனிப்பவர் சிலரே. அவர்கள் கையில் இருப்பது முட்டுக்கட்டை. தேர் ஒருபக்கமாக ஒதுங்கினாலும், வீதி திரும்பும் முனையில் வேகம் மிஞ்சினாலும், உருண்டுவரும் சக்கரத்தின் அடியில் அக்கட்டையை உரிய இடத்தில், உரிய கணத்தில் செருகிவிட்டுக் கையை எடுத்துக்கொள்ளவேண்டும். ஒரு கணம் முந்தினால் கட்டை பயன்படாது. ஒரு கணம் பிந்தினால் கை மிஞ்சாது. தேர் நிலைக்கு வந்தபின் அவர்களுள் ஒருவரை அணுகி, “அந்தத் திருப்பத்தில் எப்படி ஐயா சமாளித்தீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். “நம்ம கையிலே என்னங்க இருக்கு? எல்லாம் பெருமாள் பார்த்துக்கிட்டார்” என்பதே பெரும்பாலும் விடையாக இருக்கும்.

இவ்விடை வெறும் உபசார வார்த்தையா? அல்லது இதில் தத்துவம் அடங்கியுள்ளதா? பல்லாண்டுப் பழக்கத்தால் வந்த கைத்திறனைப் பெருமாள் பெயரில் எழுதிவைப்பது முறைதானா? இன்றைய படித்த இளைஞர்கள் இக்கேள்வியைத் தயங்காமல் கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை. விடை சொல்லவேண்டிய கடமை நமக்கு உண்டு. அதை நம் ஊர்க் கதை ஒன்றைக்கொண்டு சொன்னால், ‘இது பக்தர்கள் கட்டிய கதை’ என்று ஒதுக்கிவிட இடமுண்டு. ஆகவே, நம் ஸம்ப்ரதாயத்தோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத ஒரு துறையிலிருந்து, ஊரறிந்த ஒரு மனிதரின் வாழ்விலிருந்து, மூன்று நிகழ்ச்சிகளை எடுத்துக்கொண்டு ஆராயலாம் என்று அடியேனுக்குத் தோன்றியது.

மொனாகோவில் ஒரு கணம்

ஹுவான் மானுவெல் ஃபாங்கியோ என்பவர் தென் அமெரிக்காவில் அர்ஜென்டினா நாட்டிலுள்ள பால்கார்ஸே என்னும் சிற்றூரில் 1911-ஆம் ஆண்டு பிறந்தவர். சிறுவயதிலேயே மோட்டார்ப் பட்டறையில் வேலை கற்றவர். மோட்டார்ப் பந்தயத்தில் 1951, 1954, 1955, 1956, 1957 ஆகிய ஐந்து ஆண்டுகளில் உலக வெற்றி வீரர் பட்டம் பெற்றவர். பந்தயச் சாலையில் உயிர் துறந்தோர் பலர் இருந்த அக்காலத்தில், அவர் 1958-இல் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்று, 1995-ஆம் ஆண்டு தம் 84-ஆவது வயதில் இயற்கை எய்தினார்.

1950-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் நாள் மத்தியதரைக் கடற்கரையிலுள்ள மொனாகோவில் நடந்த பந்தயத்தில் அவர் ஆல்ஃபா ரோமியோ வண்டியை ஓட்டினார். அங்கே பந்தயத்துக்கென்று தனிச்சாலை கிடையாது. நகரத்து வீதிகளிலேயே, சுமார் மூன்று கிலோமீட்டர் சுற்றளவில், அன்று நூறு சுற்றுகள் ஓடவேண்டியிருந்தது. ஒரு பக்கம் கட்டடங்கள், ஒரு பக்கம் துறைமுகம். முதல் சுற்றில் ஃபாங்கியோ முன்னணியில் சென்றார். அவர் கடந்து சென்றபின், துறைமுகத்தை ஒட்டிய திருப்பத்தில், கடல் அலை மதிலைத் தாண்டித் தெறித்து நனைத்திருந்த இடத்தில், இரண்டாவதாக வந்த ஃபாரினாவின் வண்டி சறுக்கிச் சுழன்றது. பின்னால் வந்த வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதின. புறப்பட்ட 19 வண்டிகளில் ஏறக்குறையப் பாதி அந்த ஓரிடத்திலேயே முடங்கிச் சாலையை அடைத்துக்கொண்டன.

முன்னே போய்விட்ட ஃபாங்கியோவுக்கு இது தெரியாது. ஒரு சுற்று முடித்து மீண்டும் அதே இடத்தை நோக்கி அவர் விரைந்து வந்தார். திருப்பத்துக்கு அப்பால் இருப்பது கண்ணுக்குப் புலப்படாது. ஆயினும் திருப்பத்துக்கு முன்பே அவர் வேகத்தைக் குறைத்தார். அடைபட்ட சாலையைக் கண்டபோது வண்டி அவர் வசத்தில் இருந்தது. சிதறிக்கிடந்த வண்டிகளுக்கிடையே இருந்த சிறு இடைவெளியில் நுழைந்து சென்று, பந்தயத்தை வென்றார். இரண்டாவதாக வந்தவர் ஒரு முழுச்சுற்று பின்தங்கியிருந்தார்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்துக்கு அவர் முன்கூட்டியே பிரேக் போட்டது எப்படி? அவர் பின்னாளில் தந்த விளக்கம் பந்தய உலகில் இன்றும் பேசப்படுகிறது. முன்னணியில் வருபவனைத்தான் ஜனங்கள் பார்ப்பார்கள். ஆனால் அந்தச் சுற்றில் அங்கே நின்றவர்கள் அவரைப் பார்க்கவில்லை. வேறு திசையில் திரும்பியிருந்தார்கள். வழக்கமாக முகங்களின் வெளிர் நிறம் தெரியவேண்டிய இடத்தில் தலைகளின் கருமை தெரிந்தது. அக்கணத்தில், 1936-ஆம் ஆண்டு அதே ஊர்ப் பந்தயத்தில் பல வண்டிகள் மோதிக்கொண்டதைக் காட்டும் பழைய புகைப்படம் ஒன்று அவர் நினைவுக்கு வந்தது. அப்படத்தை அவர் பார்த்தது பந்தயத்துக்குச் சற்று முன்புதான். உடனே காலைப் பிரேக்கின்மீது வைத்தார்.

திறனென்பார் வாதமும், அதிர்ஷ்டமென்பார் வாதமும்

இது திறனா, அதிர்ஷ்டமா?

திறனே என்பவர் இவ்வாறு வாதிப்பர்: மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் 40 மீட்டர் தூரம் ஓடிவிடும். கண் கண்டதைக் கால் செய்வதற்குக் கால் வினாடி ஆகுமென்றால், அதற்குள் 10 மீட்டர் கழிந்துவிடும். அதன்பின் பிரேக் பிடித்து நிற்க, அக்காலத்துப் பந்தய வண்டிக்கு நூறு மீட்டருக்கு மேல் வேண்டும். எனவே ஆபத்தைக் கண்ட பிறகு செயற்படுபவன் தப்ப முடியாது. ஆபத்தின் குறிப்பைக் கண்டே செயற்படுபவன்தான் தப்புவான். மருத்துவன் முகத்தைப் பார்த்தே நோயை ஊகிப்பதுபோலவும், மாலுமி நீரின் நிறத்தைக் கண்டே அடியிலுள்ள பாறையை அறிவதுபோலவும், ஜனங்களின் தலையைக் கண்டே சாலையின் நிலையை அறிந்தார் ஃபாங்கியோ. இந்த அறிவு ஒரு நாளில் வந்ததன்று. தென் அமெரிக்காவின் மலைப்பாதைகளில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிப் பழகியதால் வந்தது. பக்கத்தில் ஜனங்கள் இருப்பதையே அறியாமல் ஓட்டுபவன் நடுவே, அவர்கள் பார்வை எங்கே இருக்கிறது என்பதுவரை கண்டவனை அதிர்ஷ்டசாலி என்பது அவனுடைய உழைப்பை அவமதிப்பதாகும்.

அதிர்ஷ்டமே என்பவர் இவ்வாறு மறுப்பர்: அவர் முதலாவதாகச் செல்லாமல் மூன்றாவதாகச் சென்றிருந்தால் அந்தக் குவியலில் அவரும் சிக்கியிருப்பார். அலை அடித்தது இவருக்குப் பின்னால் வந்தவரை வீழ்த்தியது. சற்று முன்னதாக அடித்திருந்தால் முதலில் சறுக்கியவர் இவராகவே இருந்திருக்கலாம். பதினான்கு ஆண்டுகளுக்கு முந்தைய புகைப்படம் ஒன்று அவர் கண்ணில் பட்டதற்கு அவர் என்ன முயற்சி செய்தார்? ஒரு படம் கண்ணில் படுவதும், அலை எழும்புவதும், வண்டிகளுக்கிடையே நுழையுமளவு இடைவெளி மிஞ்சுவதும் மனிதன் கையில் உள்ளவையா?

இரு வாதங்களிலும் உண்மை உண்டு. இவ்விரண்டையும் கேட்டவர், ‘பாதி திறன், பாதி அதிர்ஷ்டம்’ என்று பங்கு பிரித்துத் தீர்ப்பு வழங்க முற்படுவர். ஆனால் சற்று ஆழ்ந்து நோக்கினால் இப்பங்கீடு நிற்காது. புகைப்படத்தைப் பார்த்தது தற்செயல். அதை மறவாமல் வைத்திருந்தது மனப்பழக்கம். ஜனங்கள் திரும்பி நின்றது தற்செயல். அதைக் கவனித்தது பயிற்சி. தற்செயலாக வந்த ஒவ்வொன்றையும் திறன் ஏற்றுக்கொண்டது. திறன் செயற்பட ஒவ்வொரு கணத்திலும் தற்செயலான ஒன்று இடம் கொடுத்தது. பாலில் கலந்த சர்க்கரையில், இந்தத் துளி பால், இந்தத் துளி சர்க்கரை என்று பிரித்துக்காட்ட முடியுமா? அப்படி என்றால், இவ்விரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும்படி அமைவது எதனால் என்ற கேள்வியே மிஞ்சுகிறது.

கீதை காட்டும் வழி

பகவான் கீதையின் பதினெட்டாம் அத்யாயத்தில் ஒரு செயல் நிறைவேறுவதற்கு ஐந்து காரணங்களைக் கூறுகிறான். செயலுக்கு இருப்பிடமான சரீரம், செய்பவனாகிய ஜீவாத்மா, கருவிகளாகிய இந்திரியங்கள், பிராணனின் பலவகை இயக்கங்கள், ஐந்தாவதாகத் தெய்வம். இங்கே ‘தெய்வம்’ என்ற சொல்லுக்கு விதி என்றும், முன்வினை என்றும், தேவதைகள் என்றும் பலர் பலவாறு பொருள் கூறினர். எம்பெருமானார் தம் கீதாபாஷ்யத்தில் அதற்குப் பொருள் பரமாத்மாவே என்று அறுதியிட்டு, அந்தர்யாமியாய் உள்ளே இருந்து நியமிக்கும் அவனே செயல் நிறைவேறுவதில் முக்கியமான காரணம் என்று அருளிச்செய்தார்.

இதைக் கேட்டவுடன் ஓர் ஐயம் எழும். எல்லாவற்றையும் அவனே செய்விக்கிறான் என்றால், மனிதனுக்குப் பொறுப்பு ஏது? ‘இதைச் செய், இதைச் செய்யாதே’ என்று சாஸ்திரம் யாருக்கு விதிக்கிறது? மரப்பாவைக்கு யாரேனும் கட்டளையிடுவார்களா?

இந்த ஐயத்தை எம்பெருமானாரே எழுப்பி, ஸ்ரீபாஷ்யத்தில் விடை தருகிறார். ஜீவன் செய்யும் முதல் முயற்சி அவனுடையது. அம்முயற்சியைப் பார்த்து அந்தர்யாமி அனுமதி அளிக்கிறான்; அவ்வனுமதியின்றி எதுவும் நிறைவேறாது. இதற்கு அவர் காட்டும் உதாரணம் நம் அன்றாட வாழ்விலிருந்து எடுத்தது. இருவருக்குப் பொதுவான சொத்தை ஒருவன் மூன்றாமவனுக்குக் கொடுக்க விரும்பினால் மற்றவனின் சம்மதம் வேண்டும். சம்மதம் இல்லாமல் கொடுக்க முடியாது. ஆனாலும் கொடுக்கத் தொடங்கியவன் முதலாமவனே ஆதலால் கொடுத்ததன் பலன் அவனைச் சேரும். பத்திரப் பதிவு அலுவலகம் சென்று வந்தவர்களுக்கு இந்த உதாரணத்தின் நுட்பம் நன்கு விளங்கும். விற்பவர் கையொப்பமும் வேண்டும். கூட்டு உரிமையாளர் கையொப்பமும் வேண்டும். ‘இப்பத்திரத்தில் யார் கையொப்பத்துக்கு எத்தனை விழுக்காடு வலிமை?’ என்று யாரும் கேட்பதில்லை.

ஆக, ஐந்தாவது காரணம் மற்ற நான்கின் பக்கத்தில் நிற்கும் ஒரு பங்காளி அன்று. கண்ணுக்குள் பார்வையாகவும், காலுக்குள் வலிமையாகவும், நினைவுக்குள் நினைவூட்டுபவனாகவும் இருந்து, மற்ற நான்கையும் காரணமாக்குவதே அது. ‘அதிர்ஷ்டம்’ என்ற சொல்லுக்கே ‘காணப்படாதது’ என்றுதான் பொருள். காணப்படாததைக் குருட்டுத்தனமானது என்று எண்ணுவோர் அதைத் தற்செயல் என்கின்றனர். காணப்படாமல் நின்று காக்கும் கண்ணுடைய ஒருவன் உண்டு என்று அறிந்தவர் அதைப் பெருமாள் என்கின்றனர்.

லெ மானில் உயர்ந்த கை

இத்துடன் கட்டுரையை முடித்துவிட்டால் எளிதாக இருக்கும். ஆனால் நேர்மையாகாது. ஏனெனில் அதே ஃபாங்கியோவின் வாழ்வில் இன்னொரு நாள் இருக்கிறது.

1955-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11-ஆம் நாள், பிரான்ஸ் தேசத்தில் லெ மான் என்னுமிடத்தில் 24 மணி நேரப் பந்தயம். மாலை ஆறரை மணி சுமாருக்கு, பார்வையாளர் அரங்கின் முன்னே, ஒரு வண்டி தன் நிறுத்தத்துக்கு ஒதுங்குவதற்காக வேகம் தணிந்தது. அதன் பின்னால் வந்த லான்ஸ் மாக்லின் மோதாமலிருக்க இடப்பக்கம் விலகினார். அந்தப் பக்கம் மிகுவேகத்தில் வந்துகொண்டிருந்தது பியர் லெவேக் ஓட்டிய மெர்ஸிடிஸ். அது மாக்லினுடைய வண்டியின் பின்புறத்தில் ஏறி, வானில் எழும்பி, ஓரத்து மண்மேட்டில் மோதிச் சிதறியது. அதன் பாகங்கள் ஜனத்திரளுக்குள் பாய்ந்தன. லெவேக்கும், எண்பதுக்கு மேற்பட்ட பார்வையாளர்களும் மாண்டனர். மோட்டார்ப் பந்தய வரலாற்றில் அதைவிடக் கொடிய விபத்து நடந்ததில்லை.

லெவேக்கின் பின்னாலேயே வந்துகொண்டிருந்தவர் ஃபாங்கியோ. மோதுவதற்கு முந்தைய கணத்தில் லெவேக் தம் கையை உயர்த்தி எச்சரித்ததைக் கண்டதாகவும், அதனால்தான் தாம் பிழைத்ததாகவும் அவர் கூறினார். புகைக்கும் சிதறலுக்கும் இடையே அவருடைய வண்டி பழுதின்றிக் கடந்து சென்றது. பின்னர் நடந்த விசாரணையில், எந்த ஓட்டுநர்மேலும் குற்றம் சுமத்தப்படவில்லை. பெருகிவிட்ட வேகத்துக்கு அந்தப் பழைய சாலை அமைப்பு ஏற்றதாக இல்லை என்பதே வெளிப்பட்டது.

இப்போது கேள்வி கடினமாகிறது. ஃபாங்கியோவைப் பெருமாள் காத்தார் என்று நாம் கூறினால், காக்கப்படாத எண்பது பேரைப் பற்றி என்ன கூறுவோம்? அவர்களுக்குள்ளும் அந்தர்யாமியாக இருந்தவன் அவன்தானே? தம் மக்களுடன் விடுமுறை நாளில் வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு அனுமதி மறுத்தது ஏன்?

‘அது அவரவர் கர்மம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுபவர் உண்டு. எம்பெருமானுக்குப் பட்சபாதமோ கொடுமையோ இல்லை, ஜீவர்களின் கர்மத்துக்கு ஏற்பவே பலன் அமைகிறது என்பது வேதாந்த ஸூத்ரம் அறுதியிட்ட உண்மையே. அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் இன்னாருடைய எந்தக் கர்மத்துக்கு இந்தப் பலன் என்று அறிபவன் ஸர்வஜ்ஞனாகிய அவன் ஒருவனே. இறந்தவரின் உடல் கிடக்கும்போது, அவருடைய கணக்கை நாம் படித்துவிட்டதுபோல் பேசுவது ஞானம் ஆகாது. அது எம்பெருமானுக்கே உரிய இடத்தில் நாம் போய் அமர்வதாகும். கர்ம ஸித்தாந்தம் தன்னைத் திருத்திக்கொள்ள அருளப்பட்டது. பிறரை அளப்பதற்கு அன்று. ஒரு தாய் தன் குழந்தையை இழந்து அழும்போது அதைச் சொல்ல வாயெடுப்பவன் சாஸ்திரம் கற்றவனே ஆனாலும், வைஷ்ணவ லட்சணத்தின் முதல் பாடத்தைக் கல்லாதவன். பிறர் துன்பம் கண்டு தான் துடிப்பதல்லவா அந்த முதல் பாடம்?

மேலும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். லெவேக் உயர்த்திய அந்தக் கை யாருடைய கை? தான் இறக்கப்போகும் கணத்தில் பின்னால் வருபவனை நினைத்த கை. அவர் பிழைக்கவில்லை, ஆனால் அவருடைய செயல் பிறனைப் பிழைப்பித்தது. பிழைத்தவனிடம் மட்டுமே பெருமாள் இருந்தான் என்று கணக்கிடுபவர் இந்தக் கையை எங்கே சேர்ப்பார்? உயிர் தப்புவதே அருளின் ஒரே அடையாளம் என்று நம் பூர்வர்கள் கருதவில்லை. சீதாப்பிராட்டிக்காகப் போரிட்டுச் சிறகிழந்து வீழ்ந்த ஜடாயு பிழைக்கவில்லை. பெருமாளே தந்தைக்குச் செய்வதுபோல் அவருக்கு ஈமக்கடன் செய்தார். அருள் பெற்றவர்களின் வரிசையில் ஜடாயுவுக்குக் குறைந்த இடமா தந்தோம்?

ஆதலால் தப்பிப் பிழைத்தவன் சொல்லத் தக்கது, ‘என்னைத் தேர்ந்தெடுத்துக் காத்தான்’ என்பதன்று. ‘எனக்குக் கிடைத்த இந்த நாட்கள் என் சம்பாத்தியம் அல்ல, ஆகவே இவற்றை வீணாக்க எனக்கு உரிமையில்லை’ என்பதே அவன் சொல்லத் தக்கது.

மான்ஸாவில் உறங்காத இரவு

மூன்றாவது நிகழ்ச்சி காலத்தால் நடுவே வருவது. 1952-ஆம் ஆண்டு ஜூன் மாதம். முதல் நாள் வட அயர்லாந்தில் ஒரு பந்தயம். மறுநாள் இத்தாலியில் மான்ஸாவில் ஒரு பந்தயம். இரண்டிலும் ஓட்டுவதாக ஃபாங்கியோ ஒப்புக்கொண்டிருந்தார். வரவேண்டிய விமானம் தவறியது. பாரீஸ்வரை வந்து சேர்ந்தவருக்கு அதன்பின் விமானம் கிடைக்கவில்லை. இரவெல்லாம் தாமே கார் ஓட்டி, ஆல்ப்ஸ் மலையைக் கடந்து, பந்தயம் தொடங்க அரைமணி இருக்கும்போது மான்ஸாவை அடைந்தார். ஓய்வின்றி வண்டியில் ஏறினார். இரண்டாவது சுற்றிலேயே வண்டி அவர் வசம் தப்பியது. தூக்கி எறியப்பட்டுக் கழுத்தெலும்பு முறிந்தது. அவ்வாண்டு முழுவதும் பந்தயமின்றிக் கிடந்தார். தம் களைப்பே அதற்குக் காரணம் என்பதை அவர் மறைக்கவில்லை.

அன்றும் அவர் கையில் அதே திறன் இருந்தது. மொனாகோவில் ஜனங்களின் தலையைக் கண்டு ஆபத்தை அறிந்த அதே கண்கள்தாம். ஆனால் முதல் முயற்சியில் பிழை நேர்ந்தது. உறங்காமல் ஏறியது ஜீவனுடைய சுதந்திரம்.

இங்கே ஒரு குறும்பான கேள்வி வரும். ‘வெற்றி என்றால் பெருமாள், தோல்வி என்றால் நானா? இது என்ன நியாயம்? லாபம் முதலாளிக்கு, நஷ்டம் கணக்குப்பிள்ளைக்கு என்பதுபோல் இருக்கிறதே!’

இதற்கு விடை ஸ்ரீராமாயணத்தில் இருக்கிறது. அயோத்யா காண்டத்தில், முடிசூட்டு விழா நின்றபோது, கைகேயியின் மனம் மாறியது தெய்வச் செயல் என்று இராமபிரான் கூறுகிறான். இலக்குவன் சினந்து, தெய்வத்தைப் பேசுவது வலியற்றவர் வழக்கம், என் தோள்வலியால் அதை வெல்வேன் என்கிறான். யுத்த காண்டத்தின் முடிவிலோ, அதே இராமபிரான், தெய்வத்தால் நேர்ந்த குறையை மனித முயற்சியால் வென்றதாகக் கூறி, அனுமன் கடல் தாவியதும், சுக்ரீவனும் விபீஷணனும் உழைத்ததும் பலன் பெற்றன என்று பாராட்டுகிறான். இராமபிரான் முன்னுக்குப்பின் முரணாகப் பேசினானா? இல்லை. பிறர் தனக்குச் செய்த தீங்கைப் பேசும்போது தெய்வம் என்றான்; கைகேயியை வெறுக்காதிருக்க அது உதவியது. பிறர் தனக்குச் செய்த நன்மையைப் பேசும்போது அவர்களுடைய முயற்சி என்றான். நன்றி மறவாதிருக்க அது உதவியது. இரண்டும் உண்மை. எந்த இடத்தில் எந்த உண்மையைச் சொன்னால் அகங்காரமும் பகையும் ஒழியுமோ, அந்த இடத்தில் அதைச் சொல்வதே தர்மம்.

ஆகவே முட்டுக்கட்டை போடுபவர், “எல்லாம் பெருமாள்” என்று தம்மைப்பற்றிச் சொல்வது அழகு. அதையே நாம் எடுத்துக்கொண்டு, ‘எல்லாம் பெருமாள்தானே, இவருக்கு என்ன சன்மானம்?’ என்று சொல்வது அநியாயம். நம் வாயில் வரவேண்டிய சொல், “ஐயா, உம்முடைய கைதான் இன்று தேரைக் காத்தது” என்பதே. அவர் பெருமாளைக் காட்டவேண்டும். நாம் அவரைக் காட்டவேண்டும்.

தேர்த்தட்டில் நின்ற சாரதி

பாரதப்போரில் கர்ணன் நாகாஸ்திரத்தை அர்ஜுனன் தலைக்குக் குறிவைத்து எய்தான். அர்ஜுனன் வில்லாளிகளில் தலைசிறந்தவன். ஆயினும் அக்கணத்தில் அவன் திறன் எட்டவில்லை. சாரதியாக இருந்த கண்ணன் தேரைக் காலால் அழுத்தினான். தேர் பூமியில் தாழ்ந்தது. அம்பு கிரீடத்தை மட்டும் கொண்டுபோயிற்று. அது அர்ஜுனன் கண்ணால் கண்ட காப்பு.

கண்டிராத காப்பு போர் முடிந்தபின் தெரிந்தது. கண்ணன் அர்ஜுனனை முதலில் இறங்கச் சொன்னான். பிறகு தான் இறங்கினான். அவன் இறங்கியவுடன் தேர் எரிந்து சாம்பலாயிற்று. துரோணரும் கர்ணனும் எய்த அஸ்திரங்களால் அது முன்பே வெந்துபோயிருந்தது. தான் அமர்ந்திருந்ததால் இதுவரை நின்றது என்று கண்ணன் விளக்கினான். ஒரு முறை தேரை அழுத்தியதற்காக நன்றி சொன்னவன், ஒவ்வொரு நாளும் தான் எரியாமல் இருந்ததற்கு நன்றி சொல்லவேண்டியிருந்ததை அன்றுதான் அறிந்தான்.

ஆபத்திலிருந்து தப்பிய ஒரு கணத்தை மட்டும் அதிசயமாகப் பேசுகிறோம். ஆபத்தே நேராத பல்லாயிரம் கணங்களைப் பேசுவதில்லை. மொனாகோவில் ஃபாங்கியோ ஓடிய நூறு சுற்றுகளில் ஒரு சுற்றே கதையாயிற்று. மற்றச் சுற்றுகளிலும் சக்கரம் கழலாமல் இருந்தது, கண் மங்காமல் இருந்தது, இருதயம் துடித்தது. அவையும் ஐந்தாவது காரணத்தின் கைவேலையே.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. கண்ணன் சாரதியாக இருந்தபோதும் அர்ஜுனன் காண்டீபத்தைக் கீழே வைத்துவிட அனுமதிக்கப்படவில்லை. வைத்தவனை எழுப்பிப் போர் செய்யச் சொல்லத்தானே கீதை பிறந்தது?

சேவார்த்திகளுக்கு ஒரு விண்ணப்பம்

இத்திருவிழாவுக்கு வெகுதூரத்திலிருந்து பஸ்களிலும் வேன்களிலும் வந்திருப்பீர்கள். புறப்படும்போது வண்டிக்குக் கற்பூரம் காட்டித் தேங்காய் உடைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏறியிருப்பீர்கள். அது நல்லதே, ஐந்தாவது காரணத்தை முதலில் நினைப்பது நம் மரபு. ஆனால் திரும்பும்போது, இரவு கருட ஸேவையைக் கண்ணாரக் கண்டு, விடியுமுன் ஊர் சேரவேண்டும் என்ற அவசரத்தில், இரண்டு இரவுகள் உறங்காத ஓட்டுநரை, “பெருமாள் இருக்கிறார், கிளப்புங்கள்” என்று சொல்லாதீர்கள். உலகத்தின் தலைசிறந்த ஓட்டுநரே ஓர் இரவு உறங்காமல் கழுத்தை முறித்துக்கொண்டார். பெருமாள் இருக்கிறார் என்பது உண்மை. அவர் அந்த ஓட்டுநரின் கண்களுக்குள்ளும் இருக்கிறார். அக்கண்கள் மூடத் துடிக்கும்போது, ‘உறங்கு’ என்று சொல்பவரும் அவரே. அந்தச் சொல்லைக் கேளாமல் வண்டியைக் கிளப்பிவிட்டு, நேர்வதை அவர்மேல் போடுவது சரணாகதி ஆகாது. அவரை மண்டபத்தில் சிறிது நேரம் படுக்கச் சொல்லுங்கள். அவருக்கும் பிரஸாதம் கொடுங்கள். விடிந்தபின் புறப்படுங்கள்.

ஊர் சேர்ந்து இறங்கும்போது அவரிடம், “உங்கள் கையால் பத்திரமாக வந்து சேர்ந்தோம்” என்று சொல்லுங்கள். “எல்லாம் பெருமாள்” என்று அவர் சொல்வார். அவர் சொல்வதும் உண்மை. நீங்கள் சொன்னதும் உண்மை.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.